கேன்சர்னு சொன்ன கையோட கையெழுத்து கேக்காதீங்க, யோசிக்க அவகாசம் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல மட்டும் இல்ல, எல்லா பேப்பர்லயும் அக்டோபர் மாசம் வந்தா மார்பகப் புற்றுநோய் விழிப்புணர்வுன்னு பக்கம் ஒதுக்கிப் போடுறாங்க, நல்ல விஷயம், போடணும். கட்டி இருக்கான்னு தொட்டுப் பாருங்க, சந்தேகம் இருந்தா டாக்டர்கிட்ட காட்டுங்க, மேமோகிராம் எடுங்க, இதெல்லாம் இப்ப எங்க பக்கம் நூறுநாள் வேலைக்குப் போற பொம்பளைங்க வரைக்கும் தெரிஞ்சிருக்கு. ஆனா விஷயம் அதோட நின்னுருது. கட்டியில இருந்து துளி சதை எடுத்துப் பாக்குற பயாப்சி ரிப்போர்ட்ல கேன்சர்னு வந்தப்புறம், ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி இருக்கிற அந்த ரெண்டு மூணு வாரத்துல என்ன கேக்கணும், எந்த ரிப்போர்ட்டை வாங்கி வச்சுக்கணும், யாருகிட்ட இன்னொரு தடவை காட்டணும், எதுக்கு அவசரப்படணும் எதுக்கு அவசரப்பட வேண்டாம், இதை யாரும் விளக்கமா எழுதி நான் பாக்கல. எங்க அக்காவுக்கு போன வருஷம் வந்தப்ப நாங்க குடும்பத்தோட அல்லாடினது அந்த இடத்துலதான். அதனாலதான் இந்தக் கடிதம், கொஞ்சம் நீளமாத்தான் இருக்கும், முடிஞ்சா வெட்டாம போடுங்க.

அக்காவுக்கு அம்பது தாண்டியாச்சு, பத்துப் பன்னெண்டு வயசுல இருந்து பீடி சுத்துற கை. வலது பக்கம் சின்னதா ஒரு கட்டி, வலி எதுவும் இல்ல. ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில காட்டினோம், ஸ்கேன் எடுத்து ஊசி பயாப்சியும் எடுத்தாங்க, ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரிசல்ட் வந்துச்சு. டாக்டர் அத்தானை மட்டும் உள்ள கூப்பிட்டு, கேன்சர்தான், திங்கக்கிழமை அட்மிட் பண்ணிருங்க, செவ்வாய்க்கிழமை தியேட்டர் காலியா இருக்கு, மார்பை முழுசா எடுத்துட்டு அக்குள்ல இருக்கிற நெறிகட்டி எல்லாத்தையும் வழிச்சு எடுத்துருவோம், அதுக்கப்புறம் ஆறு கீமோன்னு சொல்லிட்டு அடுத்த பேஷன்டைக் கூப்பிட்டுட்டாரு. வெளிய கவுண்டர்ல அட்வான்ஸ் எவ்வளவுன்னு எழுதுன ஒரு துண்டுச்சீட்டு, கூடவே இங்கிலீஷ்ல அச்சடிச்ச சம்மதப் படிவம், கணவர் எங்க கையெழுத்துப் போடணும்னு பென்சில்ல ஒரு பெருக்கல் குறி. அக்கா அந்தக் கவுண்டருக்கு எதுத்தாப்புல பெஞ்சுல உக்காந்திருக்கா, அவகிட்ட அதுவரைக்கும் ஒருத்தரும் வாயைத் திறக்கல.

அந்த டாக்டர் கெட்டவர்னு நான் சொல்ல வரல. சீக்கிரம் எடுத்துட்டா நல்லதுன்னு அவரு மனசார நெனச்சிருக்கலாம். இப்படி மூணு நாள் கெடு குடுத்து ஒரு குடும்பத்தை நிறுத்துறதுதான் தப்பு. அதுவும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சொல்லிட்டு திங்கக்கிழமை வான்னா, நடுவுல சனி ஞாயிறு, விசாரிக்க ஒரு ஆபீஸ் திறந்திருக்காது, வேற டாக்டர் கிடைக்க மாட்டாரு.

சொந்தக்காரங்க அவசரம் அதுக்கு மேல. ராத்திரிக்குள்ள போன் மேல போன். "ஊசி குத்தியாச்சுல்ல, இனி தாமதிச்சா ஒடம்பு பூரா பரவிரும்"னு பெரியம்மா. "கத்தி படவே கூடாது, பட்டா பரவிரும்"னு இன்னொருத்தர். இந்த ரெண்டு பயமும் எங்க ஊர்ல எல்லா வீட்லயும் இருக்கு, ஒண்ணு ஆள அவசரப்படுத்தும், இன்னொண்ணு ஆள ஆஸ்பத்திரிப் பக்கமே விடாது. மார்பகக் கட்டிக்கு ஊசி பயாப்சி எடுக்குறதுனால உயிருக்கு ஆபத்து கூடிராதுங்க, உலகம் பூரா ட்ரீட்மென்ட் முடிவு பண்றதுக்கு முன்னாடி அதைத்தான் பண்றாங்க, அது இல்லாம என்ன வகைக் கேன்சர்னே தெரியாது.

அத்தான் என்கிட்ட சொன்னது ஒண்ணே ஒண்ணுதான், அவகிட்ட சொல்லிராத, தாங்க மாட்டா. பாசத்துலதான் சொன்னாங்க, அழுதுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா அன்னிக்கு ராத்திரியே அக்கா என்னைத் தனியா கூப்பிட்டு, "ஏட்டி, கேன்சர்தான? அந்த நர்சு மூஞ்சியப் பாத்தப்பவே எனக்குத் தெரியும், எல்லாரும் என்னத்துக்கு மூடி மூடிப் பேசுதீய"ன்னு கேட்டா. நான் ஆமான்னு சொன்னேன். ஒடம்பு அவளோடது, எடுக்கப் போறது அவ மார்பை, அவளுக்குத் தெரியாம யாரு எதை எடை போட்டுப் பாக்க முடியும்? நோயாளிகிட்ட மறைக்கிற வீட்ல, யோசிக்க டைம் கிடைச்சாலும் யோசிக்க வேண்டிய ஆளு அந்த இடத்துல இல்லாம போயிருது. இதைத்தான் நான் முக்கியமா சொல்ல நெனைக்கிறேன்.

சரி, எவ்வளவு நாள் யோசிக்கலாம்? பெரும்பாலான மார்பகக் கட்டி கைக்குத் தட்டுப்படுற அளவுக்கு வளரவே வருஷக்கணக்கா ஆகும்னு சொல்றாங்க, அதனால ரிசல்ட் வந்து ரெண்டு மூணு வாரம் டெஸ்ட் எல்லாம் முடிச்சு இன்னொரு டாக்டரைப் பாத்துட்டு ஆரம்பிக்கிறதுனால விஷயம் கைமீறிப் போயிராது. அதுக்காக மாசக்கணக்குல இழுத்தடிக்கலாம்னு அர்த்தம் இல்ல. 2020 நவம்பர்ல பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்ல ஒரு ஆய்வு வந்துச்சு, ஏற்கனவே நடந்த பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து வச்சுப் பாத்தது. ஆபரேஷன் ஒவ்வொரு நாலு வாரம் தள்ளிப் போறதுக்கும் இறப்பு அபாயம் 6ல இருந்து 8 சதவீதம் கூடுதுன்னு அதுல சொன்னாங்க. இதை நூறு பேர்ல எட்டு பேர் கூடுதலா சாகுறாங்கன்னு எடுத்துக்கக் கூடாது, ஒருத்தருக்கு ஏற்கனவே எவ்வளவு அபாயம் இருக்கோ அதுல அத்தனை பங்கு கூடுது. ஆனாலும் ஒரு மாசம் ரெண்டு மாசம்னு சேரச் சேர அது சின்ன விஷயம் இல்ல. ஆக வாரக்கணக்குல யோசிங்க, மாசக்கணக்குல யோசிக்காதீங்க.

இன்னொண்ணும் சொல்லியே ஆகணும், எல்லா கேன்சருக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. அக்யூட் லுக்கீமியான்னு சொல்ற ரத்தப் புற்றுநோய்க்கு நாள் கணக்குல, சில வகைக்கு மணிக்கணக்குல கூட ட்ரீட்மென்ட் ஆரம்பிக்கணும். கட்டி முதுகுத்தண்டை அமுக்கி கால் மரத்துப் போகுது, குடல் அடைச்சிருச்சு, மூச்சுக்குழாய் அடைக்குது, வேகமா பெருகுற லிம்போமாங்கிற நிணநீர்ப் புற்றுநோய், இதெல்லாம் இருந்தா டாக்டர் இப்பவேன்னா இப்பவேதான். அதனால முதல்ல கேக்க வேண்டிய கேள்வியே இதுதான்: "டாக்டர், ரெண்டு வாரம் கழிச்சு ஆரம்பிச்சா என் விஷயத்துல என்ன நஷ்டம்?" நிஜமான அவசரம்னா ஏன்னு காரணத்தோட சொல்லுவாரு. தியேட்டர் காலியா இருக்குங்கிறது காரணம் ஆகாது.

நாங்க திங்கக்கிழமை அட்மிஷனுக்குப் போகல, ரிப்போர்ட் வாங்கத்தான் போனோம். அப்பத்தான் தெரிஞ்சுது, ஆறு கீமோன்னு சொன்னாங்களே, அதை முடிவு பண்ற டெஸ்ட்டே இன்னும் போகல. பயாப்சியில கேன்சர்னு வந்தப்புறம் ஐஹெச்சின்னு ஒரு டெஸ்ட் இருக்கு, அந்தத் திசுவுல ஈஆர், பிஆர் அப்படிங்கிற ஹார்மோன் ஏற்பிகள் இருக்கா, ஹெர்2 புரதம் கூடுதலா இருக்கான்னு பாப்பாங்க. வர ஒரு வாரம் போல ஆகும். ஹெர்2 ரெண்டு பிளஸ்னு ரெண்டுங்கெட்டானா வந்தா ஃபிஷ்னு இன்னொரு டெஸ்ட் பண்ணித்தான் உறுதி பண்ணணும். ஹார்மோன் பாசிட்டிவ்னா வருஷக்கணக்குல மாத்திரை, ஹெர்2 பாசிட்டிவ்னா ட்ராஸ்டுசுமாப்னு தனி ஊசி இருக்கு, மூணுமே நெகட்டிவ்னா அது வேற வழி. ஹெர்2 பாசிட்டிவ்ல, மூணும் நெகட்டிவ்ல கட்டி கொஞ்சம் பெருசா இருந்தா பல இடத்துல முதல்ல கீமோ குடுத்து கட்டியைச் சுருக்கிட்டு அப்புறம்தான் ஆபரேஷன் பண்றாங்க, மருந்துக்கு கட்டி எப்படி கேக்குதுன்னு கண்ணால பாக்கலாம், மார்பை முழுசா எடுக்காம தப்பிக்கவும் வாய்ப்பு கிடைக்கும். இந்த ரிப்போர்ட் கைக்கு வர்றதுக்கு முன்னாடியே கத்தி வச்சுட்டா அந்த வழி அடைபட்டுப் போகுது. அப்ப இந்த ஒரு வாரம் சும்மா காத்துக்கிடக்கிற நாள்னு எப்படி சொல்றது, ட்ரீட்மென்ட்ல அதுவும் ஒரு பகுதிதான்.

இன்னொரு இடத்துல காட்டணும்னா பேப்பர் ரிப்போர்ட் மட்டும் பத்தாது, பயாப்சி எடுத்த திசுவும் வேணும். இது எங்களுக்கும் தெரியாது, போற இடத்துல போன்ல கேட்டப்பதான் சொன்னாங்க. லேப்ல போய் பிளாக்கும் ஸ்லைடும் வேணும்னு ஒரு லெட்டர் எழுதிக் குடுத்தோம், முதல்ல தர மாட்டோம்னாங்க, அப்புறம் மேனேஜர் வந்து ரெஜிஸ்டர்ல கையெழுத்து வாங்கிட்டுக் குடுத்தாரு. பிளாக்ங்கிறது ஒரு சின்ன பிளாஸ்டிக் சட்டத்துல ஊத்தி வச்ச மெழுகுக் கட்டி, ஓரத்துல நம்பர் எழுதியிருக்கும், அந்த மெழுகுக்குள்ள சேமியாத் துண்டு மாதிரி நாலஞ்சு கீத்து, அதுதான் அக்கா ஒடம்புல இருந்து எடுத்தது. அக்கா அதை வாங்கி வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாத்தா. "இந்தா இதுக்கா இம்புட்டுப் பயம்"னு சொல்லி கைக்குட்டையில சுத்தி மஞ்சப்பைக்குள்ள வச்சுக்கிட்டா. எடுத்துட்டுப் போறவங்க கவனமா இருங்க, மெழுகு சூடு தாங்காது, வெயில் அடிக்கிற பஸ் ஜன்னல் ஓரமோ கார் டேஷ்போர்டு மேலயோ வச்சிராதீங்க. ஸ்லைடு கண்ணாடி, அது போட்டு வைக்க லேப்லயே ஒரு பிளாஸ்டிக் டப்பா தருவாங்க, கேட்டு வாங்குங்க.

ரிப்போர்ட் காப்பி கேட்டா பல இடத்துல மூஞ்சியைத் தூக்குறாங்க, என்னமோ அவங்க சொத்தை எழுதிக் கேட்ட மாதிரி. இந்திய மருத்துவ கவுன்சிலோட 2002ம் வருஷ நெறிமுறை விதியிலயே, நோயாளி கேட்டா மருத்துவப் பதிவேட்டை 72 மணி நேரத்துக்குள்ள குடுக்கணும்னு இருக்கு. தேசிய மனித உரிமை ஆணையம் 2018ல தயாரிச்ச நோயாளிகள் உரிமை சாசனத்துல இன்னொரு டாக்டர்கிட்ட கருத்துக் கேக்குறதும் நோயாளியோட உரிமைன்னு தனியாவே போட்டிருக்காங்க. இன்னொரு இடத்துல காட்டுறோம்னு சொன்னா டாக்டர் கோவிச்சுக்குவாரோன்னு பயப்படாதீங்க. நல்ல டாக்டருங்க கோவிச்சுக்கிறதில்ல, அவங்க வீட்ல ஒருத்தருக்கு வந்தா அவங்களும் நாலு பேர்கிட்ட கேக்கத்தான் செய்வாங்க.

எங்க போறதுன்னு கேட்டா, நம்ம பக்கம் வழி இல்லாம இல்ல. முத்துலட்சுமி ரெட்டி 1954ல ஆரம்பிச்ச அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட் இருக்கு, டாக்டர் சாந்தா அம்மா கடைசி வரைக்கும் உழைச்ச இடம். காஞ்சிபுரம் காரப்பேட்டையில அரசு அண்ணா புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கு, வேலூர் சிஎம்சி இருக்கு, புதுச்சேரியில ஜிப்மர், எங்க தென்காசி கன்னியாகுமரி பக்கத்து ஜனங்களுக்கு பக்கத்துலயே திருவனந்தபுரம் ஆர்சிசிங்கிற ரீஜினல் கேன்சர் சென்டர். நேரா போக முடியாதவங்களுக்கு, மும்பை டாடா மெமோரியலும் சேர்ந்திருக்கிற நேஷனல் கேன்சர் கிரிட்ங்கிற கேன்சர் ஆஸ்பத்திரிகள் கூட்டமைப்பு மூலமா ரிப்போர்ட்டை ஆன்லைன்ல அனுப்பி நிபுணர் கருத்து வாங்குற வசதியும் இருக்கு, கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரு புள்ளை வீட்ல இருந்தா போதும்.

நாங்க போன இடத்துல (அதோட பேரும் வேண்டாம்) ஐஹெச்சி வந்துச்சு, ஹார்மோன் பாசிட்டிவ், ஹெர்2 நெகட்டிவ், கிரேடு கம்மி (அதாவது மெதுவா வளர்ற வகை), கட்டி ரெண்டு சென்டிமீட்டருக்கும் கீழ, ஸ்கேன்ல நெறிகட்டி எதுவும் சந்தேகப்படுற மாதிரி இல்ல. அங்க டியூமர் போர்டுன்னு ஒண்ணு வச்சிருக்காங்க, சர்ஜன், கீமோ டாக்டர், ரேடியேஷன் டாக்டர், பேத்தாலஜிஸ்ட் எல்லாரும் ஒண்ணா உக்காந்து ஒரு பேஷன்டைப் பத்திப் பேசுவாங்க. அப்புறம் ஒரு லேடி டாக்டர் அக்காவை எதுக்க உக்கார வச்சு, எங்களை எல்லாம் பின்னாடி தள்ளி உக்காரச் சொல்லிட்டு, ஒரு வெள்ளைத்தாள்ல படம் போட்டுச் சொன்னாங்க. ரெண்டு வழி இருக்கும்மா. ஒண்ணு, கட்டியையும் சுத்தி கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுக்கிறது. இன்னொண்ணு, மார்பை முழுசா எடுக்கிறது, உங்க நிலைமைக்கு அப்ப ரேடியேஷன் தேவைப்படாமலே போகலாம். உயிர் பிழைக்கிறதுல ரெண்டுக்கும் வித்தியாசம் இல்ல, நீங்க எதைச் சொன்னாலும் எங்களுக்கு சம்மதம்.

வித்தியாசம் இல்லன்னு அவங்க சும்மா ஆறுதலுக்குச் சொல்லல, அதுக்குப் பின்னாடி பெரிய வரலாறே இருக்குன்னு வீட்டுக்கு வந்து தேடிப் படிச்சேன். அமெரிக்காவுல பெர்னார்ட் ஃபிஷர்னு ஒரு சர்ஜன் 1976ல ஆரம்பிச்ச ஆய்வு, 1,851 பொம்பளைங்களை மூணு பிரிவாக்கி 20 வருஷம் விடாம பாத்து 2002ல முடிவைப் போட்டாங்க, மார்பை முழுசா எடுத்தவங்களும் கட்டியை மட்டும் எடுத்தவங்களும் உயிரோட இருந்ததுல வித்தியாசமே இல்ல. அதே வருஷம் இத்தாலியில மிலான்ல இருந்து வெரோனேசியோட 20 வருஷ ஆய்வும் அதையேதான் சொல்லுச்சு. ஆனா ஃபிஷர் ஆய்வுல இன்னொரு விஷயத்தையும் பாக்கணும், கட்டியை மட்டும் எடுத்துட்டு ரேடியேஷன் குடுத்தவங்கள்ல 14 சதவீதம் பேருக்கு அதே மார்புல திரும்ப வந்துச்சு, ரேடியேஷன் குடுக்காதவங்கள்ல 39 சதவீதம் பேருக்கு வந்துச்சு. அதனால மார்பைக் காப்பாத்தணும்னா ரேடியேஷனை ஒழுங்கா முடிக்கணும், பாதியில விட்டுட்டு பீடி பாக்கி இருக்குன்னு ஓடி வரக் கூடாது. முன்னாடி அஞ்சு வாரம் குடுத்தாங்க, இப்ப பல பேருக்கு மூணு வாரத்துல 15 சிட்டிங்ல முடிச்சுர்றாங்க, அப்படியும் தினமும் போகணும்.

அக்கா எல்லாத்தையும் கேட்டுக்கிட்டே இருந்தா, கடைசியில அவ கேட்ட கேள்வியை நாங்க யாரும் எதிர்பாக்கல. "டாக்டரம்மா, மார்பை விடுங்க, என் கை என்ன ஆகும்? எங்க தெருவுல ஒருத்திக்கு ஆபரேஷனுக்குப் பெறவு கை வீங்கி சொளவைத் தூக்கி மடியில வைக்க முடியல. நான் பீடி சுத்தணும்." அந்த டாக்டரம்மா பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. எந்தக் கைல இலை வெட்டுவீங்க, எந்தக் கைல சுருட்டுவீங்க, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம்னு கேட்டாங்க. அப்புறம் விளக்கமா சொன்னாங்க, அக்குள்ல நெறிகட்டி எல்லாத்தையும் வழிச்சு எடுத்தா அஞ்சுல ஒருத்தருக்கு கை வீக்கம் வருது, அதுக்குப் பதிலா சாயம் செலுத்தி முதல் நெறிகட்டியை மட்டும் கண்டுபிடிச்சு எடுத்து டெஸ்ட் பண்ணலாம், அதுல கேன்சர் இல்லன்னா மத்ததைத் தொட வேண்டாம், அப்படிப் பண்ணா வீக்கம் வர்றது இருபதுல ஒருத்தருக்குத்தான். செண்டினல் நோடுன்னு சொல்றாங்க. முதல் ஆஸ்பத்திரியில இந்தப் பேச்சே எழல. நாங்களும் கேட்டிருக்க மாட்டோம், ஏன்னா எங்க யாருக்கும் அந்தக் கை முக்கியம்னு தோணல, மார்பு மார்புன்னுதான் பேசிக்கிட்டு இருந்தோம். அவ கையோட அருமை அவளுக்குத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்து ஒரு வாரம் போல யோசிச்சா. அத்தான் கட்டியை மட்டும் எடுத்தா போதும்னு சொன்னாங்க, என் மகளும் அதைத்தான் சொன்னா. அக்கா முழுசா எடுத்துருங்கன்னு முடிவு பண்ணா. தினமும் பஸ் ஏறி ரேடியேஷனுக்குப் போய் வர யாரு கூட வருவா, மாமியாருக்கு கண்ணு தெரியாது, மருமக மாசமா இருக்கா, எனக்கு ஒரே மூச்சுல முடிஞ்சா போதும்னு சொன்னா. ஆனா நெறிகட்டி அந்தச் சாயம் போடுற முறையிலதான் பண்ணணும்னு கண்டிஷனா சொல்லிட்டா. அப்படியே நடந்துச்சு, நெறிகட்டியில ஒண்ணும் இல்ல, கீமோவும் வேண்டாம்னு போர்டுல முடிவாயிருச்சு, இப்ப தினம் ஒரு லெட்ரோசோல் மாத்திரை, அஞ்சு வருஷத்துக்கு. அது எலும்பைக் கொஞ்சம் பலவீனமாக்கும்னு கால்சியமும் வைட்டமின் டியும் சேர்த்துக் குடுத்திருக்காங்க. சொந்தத்துல ஒருத்தர் கேட்டாரு, எப்படியும் முழுசா எடுத்தாச்சு, இதுக்கா இவ்வளவு அலைச்சல், அந்த ஆஸ்பத்திரியிலயே அந்த செவ்வாய்க்கிழமையே முடிச்சிருக்கலாமேன்னு. வெளிய இருந்து பாக்கிறவங்களுக்கு அப்படித்தான் தெரியும். தேவையில்லாத ஆறு கீமோவும், வீங்கிப் போகக் கூடிய ஒரு கையும் அந்த அலைச்சல்லதான் தப்பிச்சுது. அதோட, இது அவளா எடுத்த முடிவு.

இந்த இடத்துல ஒரு பழைய கதையைச் சொல்லணும். 1974ல அமெரிக்க அதிபரோட மனைவி பெட்டி ஃபோர்டுக்கு மார்புல கட்டின்னு மயக்கம் குடுத்து பயாப்சி எடுத்தாங்க, கேன்சர்னு தெரிஞ்சதும் அவங்களை எழுப்பாமலே மார்பையும் எடுத்துட்டாங்க. அப்ப அங்க அதுதான் வழக்கம், தூங்கப் போகும்போது முழிச்சு எந்திரிச்சா மார்பு இருக்குமா இருக்காதான்னு தெரியாது. ரோஸ் குஷ்னர்னு ஒரு பத்திரிகையாளர் அதே வருஷம் தனக்கு அப்படிப் பண்ணக் கூடாதுன்னு மறுத்து, பயாப்சி தனி ஆபரேஷன் தனி, நடுவுல பொம்பளைக்கு யோசிக்க நேரம் வேணும்னு எழுதி எழுதிப் போராடினாங்க. 1979ல அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் கூட்டின நிபுணர் குழுவுல அவங்களும் இருந்தாங்க, அந்தக் குழு ரெண்டையும் பிரிச்சுத்தான் பண்ணணும்னு சொல்லுச்சு. நம்ம நாட்டுல 2008 ஜனவரியில சுப்ரீம் கோர்ட் ஒரு டெல்லி வழக்குல தீர்ப்பு குடுத்துச்சு. என்ன நோய்னு கண்டுபிடிக்கிற டெஸ்ட்டுக்காக மயக்கம் குடுத்த ஒரு பொம்பளைக்கு, அவங்க அம்மாகிட்ட சம்மதம் வாங்கிக்கிட்டு கர்ப்பப்பையையும் சினைப்பையையும் எடுத்துட்டாங்க. டெஸ்ட்டுக்குக் குடுத்த சம்மதம் ஆபரேஷனுக்குச் செல்லாது, உயிர் போற அவசரம் இல்லாதப்ப, சுயநினைவா முடிவெடுக்கக் கூடிய ஒரு பெரிய ஆளுக்காக வேற யாரும் சம்மதம் குடுக்க முடியாதுன்னு கோர்ட் தெளிவா சொல்லிருச்சு. இத்தனை வருஷம் ஆகியும் எங்க அத்தான் முன்னாடி பென்சில்ல பெருக்கல் குறி போட்ட ஃபாரம் வருது.

இதையெல்லாம் படிச்சுட்டு யாராவது, யோசிக்கலாம்னு பேப்பர்லயே போட்டிருக்காங்கன்னு கேன்சரை வச்சுக்கிட்டு ஆறு மாசம் மூலிகைக் கஷாயம் குடிச்சுக்கிட்டு இருந்தா அது என் பாவம். அப்படி ஒருத்தரை எனக்குத் தெரியும், அடுத்த தெரு, கட்டி சின்னதா இருக்கும்போதே தெரிஞ்சுது, ஆபரேஷனே வேண்டாம் கரைச்சுர்றேன்னு ஒருத்தன் வீடு தேடி வந்து சூரணம் குடுத்தான், புண்ணாகி வாடை வந்தப்புறம்தான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க, அவங்க இப்ப இல்ல. யோசிக்கிறதுன்னா கையில ரிப்போர்ட்டை வச்சுக்கிட்டு, அடுத்த டாக்டர் அப்பாயின்ட்மென்ட் என்னிக்கு, எந்தத் தேதிக்குள்ள முடிவு சொல்லணும்னு காலண்டர்ல குறிச்சு வச்சுக்கிட்டு யோசிக்கிறது. தேதி இல்லாம யோசிச்சா அது தள்ளிப்போடுறதுதான். பயத்துல வர்ற தள்ளிப்போடுதலை இப்படி யோசிக்க வழி இல்லாத அவசரமும் சேர்த்துத்தான் உண்டாக்குதுன்னு எனக்குத் தோணுது, மூணு நாள்ல மார்பை எடுக்கணும்னு மிரட்டினா பாதி பேரு கஷாயக்காரன்கிட்டதான் ஓடுவாங்க.

பணம் விஷயத்துலயும் அந்த ரெண்டு வாரம் எவ்வளவு முக்கியம்னு பாத்தேன். அத்தான் சனிக்கிழமை காலையிலயே வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கிட்டு வட்டிக்காரர் வீட்டுக்குக் கிளம்பிட்டாங்க. முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துல வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள்ள இருக்கிற குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கேன்சர் ஆபரேஷன், கீமோ, ரேடியேஷன் எல்லாம் அதுல வருது. கார்டு இல்லாதவங்க விஏஓகிட்ட வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு ஆதாரோட கலெக்டர் ஆபீஸ்ல இருக்கிற மையத்துல போய்ப் பதியணும், அதுக்கு ரெண்டு மூணு நாள் அலையணும். திங்கக்கிழமையே அட்மிஷன்னா எந்தக் குடும்பத்துக்கு அந்த அலைச்சலுக்கு நேரம் இருக்கும், கைக்காசு போட்டுத்தான் கட்டணும், பத்திரம் போனது போனதுதான்.

இன்னும் வயசு கம்மியான பொண்ணுங்களுக்கு இந்த அவகாசம் எவ்வளவு முக்கியம்னு யாரும் பேசுறதே இல்ல. கல்யாணம் ஆகாத, குழந்தை இல்லாத பொண்ணுக்கு கீமோ ஆரம்பிச்சா சினைப்பை பாதிக்கலாம், ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி கருமுட்டையை எடுத்து உறைய வச்சுக்கலாம், அதுக்கு ரெண்டு வாரம் போல ஆகும். கீமோ ஏத்துனப்புறம் கேட்டா லேட். இதை டாக்டரே முன்னாடி சொல்லணும், வெக்கப்பட்டுக்கிட்டு பொண்ணும் கேக்காது, அப்பா அம்மாவும் கேக்க மாட்டாங்க.

ஆசிரியர் அவர்களே, உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. அடுத்து கேன்சர் பக்கம் போடும்போது கேன்சர் டாக்டர் யாரையாவது வச்சு, பயாப்சி ரிசல்ட் வந்த அன்னிக்கு என்னென்ன கேக்கணும்னு தெளிவாத் தமிழ்ல எழுதச் சொல்லிப் போடுங்க. இன்னொண்ணு, சம்மதப் படிவம் தமிழ்ல இருக்கணும், அதுல எந்த ஆபரேஷன், வேற என்ன வழி இருக்கு, என்ன பக்கவிளைவுன்னு எழுதியிருக்கணும், நோயாளி கையெழுத்துத்தான் முதல்ல, அதோட ஒரு காப்பி முந்தின நாளே நோயாளி கையில குடுக்கணும். இதை எல்லா ஆஸ்பத்திரிக்கும் அரசாங்கம் கட்டாயம் ஆக்கணும்னு உங்க பேப்பர் எழுதினா சுகாதாரத்துறை மந்திரி கண்ணுல படும், நாங்க எழுதினா படாது.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
தென்காசி மாவட்டம்.